பனியைப் பார்க்காத அண்டார்டிகா ஊனுண்ணி: கிரையோலோபோசாரஸ் ஓர் அறிமுகம்

அண்டார்டிகாவைக் குறுக்காகப் பிரிக்கும் நெடிய மலைத்தொடரில், தென் துருவத்திலிருந்து ஏறத்தாழ 650 கிலோமீட்டர் தள்ளி, கிர்க்பாட்ரிக் என்றொரு மலை இருக்கிறது. அதன் சரிவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,000 மீட்டர் உயரத்தில், 1990–91 கோடைப் பருவத்தில் ஒரு பெரிய ஊனுண்ணி டைனோசாரின் எலும்புகள் கிடைத்தன. தென்கோளத்துக் கோடை என்பதால் நம் கணக்கில் அது மார்கழி, தை மாதங்கள். 1994இல் அந்த விலங்குக்குக் கிரையோலோபோசாரஸ் எலியோட்டி என்று பெயர் சூட்டினார்கள். ஆறு முதல் ஏழு மீட்டர் நீளம், 350 முதல் 465 கிலோ வரை எடை, கண்களுக்கு மேலே விசித்திரமான ஒரு கொண்டை. அது வாழ்ந்த காலத்தில் உலகில் நடமாடிய ஊனுண்ணிகளில் மிகப் பெரியவற்றுள் இதுவும் ஒன்று.

டைனோசார் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளைகளுக்குக்கூட இந்தப் பெயர் பெரும்பாலும் தெரிவதில்லை. டைரனோசாரஸ் புகழை எல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. டைரனோசாரஸ் நமக்குக் காட்டுவது டைனோசார் கதையின் கடைசி அத்தியாயத்தை. ஊனுண்ணி டைனோசார்கள் எப்படிப் பெரிய விலங்குகளாயின என்பதை அறிய விரும்புகிறவர் கிரையோலோபோசாரஸிடம்தான் வர வேண்டும்.

எப்போது வாழ்ந்தது?

டைனோசார் யுகத்தை மூன்று காலங்களாகப் பிரிப்பது வழக்கம்: டிரயாசிக், ஜுராசிக், கிரெட்டேசியஸ். நடுவில் உள்ள ஜுராசிக் சுமார் 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை நீடித்தது. கிரையோலோபோசாரஸ் வாழ்ந்தது ஏறக்குறைய 19 கோடி ஆண்டுகளுக்கு முன், அதாவது ஜுராசிக்கின் முற்பகுதியில். டைரனோசாரஸ் தோன்ற அதன்பின் இன்னும் 12 கோடி ஆண்டுகள் ஆக வேண்டியிருந்தது. நமக்கும் டைரனோசாரஸுக்கும் இடையே உள்ள இடைவெளியோ ஏழு கோடி ஆண்டுகளைத் தொடவில்லை. கிரையோலோபோசாரஸையும் டைரனோசாரஸையும் ஒரே காட்டில் நிறுத்திப் படம் வரைகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

அந்த 19 கோடி என்ற எண் முக்கியமானதற்கு ஒரு காரணம் இருக்கிறது. டிரயாசிக் காலத்தில் பெரிய வேட்டை விலங்குகளாக இருந்தவை டைனோசார்கள் அல்ல. முதலைகளின் தூரத்து உறவினர்கள். டைனோசார் ஊனுண்ணிகள் அப்போது பெரும்பாலும் மெலிந்த, வேகமாக ஓடுகிற சிறு விலங்குகள். அந்தக் காலத்து சீலோபைசிஸை எடுத்துக்கொண்டால் வால்நுனிவரை அளந்தாலும் சுமார் மூன்று மீட்டர்தான். டிரயாசிக்கின் இறுதியில் மாபெரும் எரிமலை வெடிப்புகளை ஒட்டி ஓர் பேரழிவு நிகழ்ந்தது. முதலையின் அந்த உறவினர்களில் பெரும்பாலானவை அழிந்தன; வேட்டைக்களம் காலியானது. அந்த வெற்றிடத்தை டைனோசார்கள் நிரப்பத் தொடங்கிய ஒரு கோடி ஆண்டுகளுக்குப் பிறகு, ஏழு மீட்டர் நீளத்துக்கு வந்து நிற்கிறது கிரையோலோபோசாரஸ். இந்தக் காலகட்டத்தைச் சேர்ந்த பெரிய ஊனுண்ணிகளின் எலும்புகள் உலகெங்கும் மிகக் குறைவாகவே கிடைத்திருக்கின்றன. ஆகவே ஒரு முழுமையற்ற எலும்புக்கூடுகூட இங்கே பெரும் செல்வம்.

எலும்பைத் தேடாதவர் கண்ட எலும்பு

இதைக் கண்டெடுத்த கதையில் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் வில்லியம் ஹேமர், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள அகஸ்டானா கல்லூரியின் தொல்லுயிரியலாளர். இன்னொருவர் டேவிட் எலியட், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் புவியியலாளர். ஹேமர் அந்தப் பருவத்தில் அண்டார்டிகாவுக்குப் போனது டைனோசாருக்காக அல்ல. டிரயாசிக் காலப் பாறைகளில் பாலூட்டிகளின் தொல்மூதாதை வரிசையைச் சேர்ந்த விலங்குகளைத் தேடினார். எலியட்டின் வேலை பாறை அடுக்குகளை ஆராய்வது. கிர்க்பாட்ரிக் மலையில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்த எலியட்டின் கண்ணில் எலும்புகள் பட்டன. அருகில் முகாமிட்டிருந்த ஹேமருக்குச் செய்தி போனது.

எலியட்டுக்கு இது முதல் அனுபவம் இல்லை. 1969இல் அதே மலைத்தொடரில், கோல்சாக் முகடு என்ற இடத்தில், அவர் தலைமையிலான குழு லிஸ்ட்ரோசாரஸ் என்ற விலங்கின் எலும்புகள் இருந்த பாறையைக் கண்டது. எட்வின் கோல்பர்ட் என்ற புகழ்பெற்ற தொல்லுயிரியலாளர் அதை அடையாளம் சொன்னார். லிஸ்ட்ரோசாரஸ் தரையில் வாழ்ந்த, பெருங்கடலை நீந்திக் கடக்க முடியாத விலங்கு. தென் ஆப்பிரிக்காவிலும், நம் நாட்டின் மேற்கு வங்கத்தில் ராணிகஞ்ச் பக்கத்துப் பாறைகளிலும் அது ஏற்கெனவே கிடைத்திருந்தது. இப்போது அண்டார்டிகாவிலும் கிடைத்ததால், இந்த நிலங்கள் ஒருகாலத்தில் ஒட்டியிருந்தன என்ற வாதத்துக்கு மறுக்க முடியாத சான்றாகிவிட்டது. கிரையோலோபோசாரஸின் பெயரில் உள்ள 'எலியோட்டி' இந்த எலியட்டுக்கான மரியாதை.

மூன்று வாரங்களில் ஹேமரின் குழு சுமார் 2.3 டன் பாறையை வெட்டி எடுத்தது. அது மண்வெட்டியால் தோண்டி எடுக்கக்கூடிய மண் அல்ல. சிலிக்கா ஏறி இறுகிப்போன வண்டற்பாறை. ஆண்டின் சில வாரங்கள் மட்டுமே அங்கே வேலை செய்ய முடியும். ஆளும் கல்லும் விமானத்திலும் ஹெலிகாப்டரிலும்தான் போய்வர வேண்டும். அண்டார்டிகாவில் பனி மூடாத நிலம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அங்கிருந்து டைனோசார் செய்தி ஏன் இவ்வளவு அரிதாக வருகிறது என்பது விளங்கும். அந்தப் பாறைகளிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட எலும்புகள் கிடைத்தன. எல்லாம் ஒரே விலங்கினுடையவை அல்ல. ஆனால் மண்டையோடு, கீழ்த்தாடை, முதுகெலும்புகள், விலா எலும்புகள், இடுப்பு, கால் என்று கிரையோலோபோசாரஸின் பல பாகங்கள் இருந்தன. மூக்கின் முன்பகுதி மட்டும் இல்லை. படங்களில் நாம் பார்க்கும் அந்த முன்முகம், மற்ற உறவினர்களைப் பார்த்து ஊகித்து வரைந்தது.

1994இல் ஹேமரும் வில்லியம் ஹிக்கர்சனும் 'சயின்ஸ்' இதழில் இதை விவரித்தார்கள். அண்டார்டிகாவில் முதன்முதலில் கிடைத்த டைனோசார் இது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள், அது சரியல்ல. 1986இலேயே அர்ஜென்டினா புவியியலாளர்கள் ஜேம்ஸ் ராஸ் தீவில் கவசம் பூண்ட ஒரு தாவர உண்ணியைக் கண்டெடுத்துவிட்டார்கள். அதற்கு அண்டார்க்டோபெல்டா என்ற பெயர் வர 2006 ஆகிவிட்டது. ஆக, அங்கே கிடைத்தவற்றில் முறைப்படி முதலில் பெயர் பெற்றது கிரையோலோபோசாரஸ். அங்கே கிடைத்த முதல் ஊனுண்ணி டைனோசாரும் இதுதான்.

பனியில் எப்படி வாழ்ந்தது என்ற கேள்வி

இதைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பதில்: வாழவில்லை. அங்கே அப்போது பனிப்பாளமே கிடையாது.

இதற்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. நிலம் வேறு இடத்தில் இருந்தது. உலகமும் வேறு மாதிரி இருந்தது. ஜுராசிக் தொடக்கத்தில் அண்டார்டிகா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இந்தியா எல்லாம் கோண்ட்வானா என்ற பெருநிலத்தின் பகுதிகள். கிர்க்பாட்ரிக் மலைப்பகுதி இன்றிருக்கும் இடத்திலிருந்து வடக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, தெற்கு அட்சரேகை 55 முதல் 60 பாகைக்குள் இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். தென் அமெரிக்காவின் தென்கோடி முனை இன்று இருப்பது கிட்டத்தட்ட அந்த அளவு தெற்கில்தான். மேலும் அன்றைய உலகம் இன்றையதைவிட வெப்பமாக இருந்தது. ஊசியிலை மரங்கள், பெரணிகள், சைக்கஸ் வகைச் செடிகள் வளர்ந்த, ஆறுகள் ஓடிய நிலம் அது. குளிர்காலத்தில் பகல் மிகவும் சுருங்கியிருக்கும். உறைபனிகூட எப்போதாவது விழுந்திருக்கலாம். பக்கத்தில் எரிமலைகள் இருந்தன. எலும்புகளைச் சுமந்த பாறை அடுக்கில் எரிமலைச் சாம்பல் ஏராளமாகக் கலந்திருக்கிறது.

அண்டார்டிகாவைப் பெரும் பனிப்பாளம் மூடியது சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அப்போது கிரையோலோபோசாரஸ் இறந்து 15 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அது கல்லாகிப் பல கோடி ஆண்டுகள் கழித்தே அதன் மேல் பனி வந்தது. 4,000 மீட்டர் உயரமும் பின்னால் வந்ததே. ஆற்றோரத் தாழ்நிலத்தில் புதைந்த எலும்பை மலை தன்னோடு தூக்கிக்கொண்டு எழுந்தது.

இந்த இடத்துக்கு அருகிலேயே பியர்ட்மோர் பனியாறு இருக்கிறது. தென் துருவம் சென்று திரும்பிய ராபர்ட் ஸ்காட்டின் குழு, 1912 பிப்ரவரியில் அதன் வழியே வந்தபோது பக்லி மலையருகே நின்று கல் பொறுக்கியது. பசியாலும் குளிராலும் செத்துக்கொண்டிருந்த நிலையிலும் சுமார் 16 கிலோ கற்களை அவர்கள் கடைசிவரை எறியவில்லை. பின்னர் அவர்களின் உடல்களோடு அந்தக் கற்களும் கிடைத்தன. அவற்றில் குளோசோப்டெரிஸ் என்ற தாவரத்தின் இலைப்பதிவுகள் இருந்தன. அந்தத் தாவரம் கிரையோலோபோசாரஸைவிட மிகப் பழையது. நம் ஜாரியா, ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கப் பாறைகளில் ஏராளமாகக் காணப்படுவதும் இதே குளோசோப்டெரிஸ்தான். கண்டங்கள் நகர்ந்தன என்று ஆல்ஃபிரட் வெகெனர் ஜெர்மனியில் முதன்முதலில் மேடையேறிச் சொன்னது அதே 1912 ஜனவரியில். ஸ்காட் குழுவுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

இந்தியாவின் கிழக்குக் கடற்கரையும் இலங்கையும் கிரையோலோபோசாரஸ் வாழ்ந்த காலத்தில் கிழக்கு அண்டார்டிகாவோடு ஒட்டியிருந்தன. இலங்கையின் நடுப்பகுதிப் பழம்பாறைகளுக்கும் அண்டார்டிகாவின் லுட்சோ-ஹோல்ம் விரிகுடாப் பகுதிப் பாறைகளுக்கும் உள்ள ஒற்றுமையைப் புவியியலாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறார்கள். கோண்ட்வானா என்றதும் இலெமூரியா, குமரிக்கண்டம் என்று பேச்சை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் நம்மில் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை: இது மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய நிலவரம், எந்த நாகரிகத்துக்கும் இதில் இடமில்லை.

அந்தக் கொண்டை

கொண்டை உள்ள ஊனுண்ணி டைனோசார்கள் பல இருந்தன. அமெரிக்காவின் அரிசோனாவில் கிடைத்த டைலோபோசாரஸுக்கு மண்டையின் மேல் இரண்டு தகடுகள், மூக்கிலிருந்து பின்னோக்கி இணையாக ஓடும். சீனாவின் மோனோலோபோசாரஸுக்கு மூக்கின் நடுவே நீளவாக்கில் ஒரே முகடு. கிரையோலோபோசாரஸ் இந்த வழக்கத்தை மாற்றியது. அதன் கொண்டை குறுக்குவாட்டில், ஒரு கண்ணின் மேலிருந்து மறு கண்ணின் மேல்வரை எழுந்து நிற்கிறது. மெல்லிய எலும்பு, மேற்புறம் முழுவதும் மடிப்பு மடிப்பாக வரிகள், மேலே போகப்போக விரிவு. எதிரே நின்று பார்த்தால் நெற்றியில் சிறிய பனையோலை விசிறி ஒன்றைச் செருகியதுபோல இருந்திருக்கும். இரு ஓரங்களிலும் கண்ணுக்கு மேலுள்ள சிறு கொம்புகளோடு அது இணைந்திருக்கிறது. கண்ணீர் நாளத்தை ஒட்டிய எலும்பு மேல்நோக்கி வளர்ந்துதான் இந்தக் கொண்டை ஆனது.

முன்னால் சுருட்டி நிறுத்திய எல்விஸ் பிரெஸ்லியின் சிகையை இது சிலருக்கு நினைவூட்டியதால், முறைப்படி பெயர் வைப்பதற்கு முன்பே 'எல்விசாரஸ்' என்ற செல்லப்பெயர் பரவிவிட்டது. இன்றும் சில இடங்களில் அந்தப் பெயர் அடிபடுகிறது. அறிவியலில் அதற்கு மதிப்பில்லை.

கொண்டை எதற்கு? சண்டைக்கு என்று சொல்ல முடியாது. மோதினால் உடைந்துபோகும் மென்மை. அதனால் தன் இனத்தை அடையாளம் காட்டவும், இணையைக் கவரவும், எதிராளியை மிரட்டவும் பயன்பட்ட காட்சி உறுப்பு என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆணுக்கு மட்டும் இருந்ததா, பெண்ணுக்கும் உண்டா என்பதை ஒரே ஒரு கொண்டையை வைத்து முடிவுசெய்ய இயலாது. செந்நிறக் கொண்டை, நீலக் கொண்டை, உடலெங்கும் இறகு என்று ஓவியர்கள் வரைவதெல்லாம் அழகுதான். ஆனால் அந்த நிறங்களில் எதற்கும் எலும்பில் சான்று இல்லை. எந்தக் கோடு எலும்பிலிருந்து வந்தது, எந்தக் கோடு ஓவியரின் கையிலிருந்து வந்தது என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால் டைனோசார் படங்களை இன்னும் நன்றாக ரசிக்கலாம்.

தொண்டையில் சிக்கிய விலா எலும்பு

இந்த விலங்கைப் பற்றி மிக அதிகமாகச் சொல்லப்பட்ட கதை அதன் சாவு. மண்டையோட்டைப் பாறையிலிருந்து பிரித்தபோது வாய்ப்பகுதியிலிருந்து கழுத்துவரை நீண்ட, மெல்லிய விலா எலும்புகள் கிடந்தன. அதே இடத்தில் நீண்ட கழுத்துள்ள ஒரு தாவர உண்ணியின் எலும்புகளும் கிடைத்திருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்த்த ஹேமரும் ஹிக்கர்சனும், தாவர உண்ணியைத் தின்றுகொண்டிருந்தபோது அதன் விலா எலும்பு தொண்டையில் சிக்கி இந்த ஊனுண்ணி இறந்திருக்கலாம் என்று எழுதினார்கள். நல்ல கதை. செய்தித்தாள்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

2007இல் நேதன் ஸ்மித், பீட்டர் மகோவிக்கி, ஹேமர், பிலிப் கரி ஆகிய நால்வர் அந்த எலும்புக்கூட்டை ஒவ்வோர் எலும்பாக மறுபடியும் விவரித்தார்கள். அவர்கள் பார்வையில் அந்த விலா எலும்புகள் வேறு எந்த விலங்கினுடையவும் அல்ல; கிரையோலோபோசாரஸின் சொந்தக் கழுத்து விலா எலும்புகள். நம் கழுத்தில் விலா எலும்பு இல்லாததால் இது புதுமையாகத் தோன்றலாம். ஊனுண்ணி டைனோசார்களுக்குக் கழுத்து முதுகெலும்புகளிலும் விலா உண்டு. மெல்லிய ஊசிபோல நீண்டு கழுத்தோடு படிந்திருக்கும். உடல் மக்கும்போது அவை இடம் மாறிக் கிடப்பதில் வியப்பில்லை.

ஆக, மூச்சுத்திணறிச் செத்த கதை முடிந்தது. கவனிக்க வேண்டியது, திருத்திய நால்வரில் ஹேமரும் ஒருவர் என்பதுதான். இருந்தும் பழைய கதை இணையத்தில் இன்றும் உயிரோடு உலவுகிறது. மாறாத ஒரு சான்று வேறு உண்டு: எலும்புக்கூட்டின் அருகே சிறிய ஊனுண்ணிகளின் உடைந்த பற்கள் கிடைத்தன. பெரிய விலங்கு இறந்தபின் சிறியவை வந்து பிணத்தைத் தின்றிருக்கின்றன. எனக்கு இந்தக் காட்சி முதல் கதையைவிடச் சுவையாகவே படுகிறது.

குடும்ப மரத்தில் எங்கே?

இரண்டு கால்களில் நடந்த ஊனுண்ணிகளின் பெரும் பிரிவுக்குத் தெரோபோடுகள் என்று பெயர். பறவைகளும் இந்த வழியில் வந்தவை என்பதால், டைரனோசாரஸ் முதல் இன்றைய காகம்வரை எல்லாம் இதில் அடக்கம். இதற்குள் கிரையோலோபோசாரஸை எங்கே வைப்பது என்பதில் நிறைய இழுபறி.

ஒரு விலங்கின் உறவைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் எலும்புகளில் உள்ள நூற்றுக்கணக்கான நுண்ணிய கூறுகளைப் பட்டியலிட்டு மற்ற விலங்குகளோடு ஒப்பிடுகிறார்கள்: ஒரு துளை எங்கே இருக்கிறது, ஒரு விளிம்பு எப்படி வளைகிறது, இரண்டு எலும்புகள் இணைந்துவிட்டனவா என்பது போன்றவை. புதிதாகத் தோன்றிய கூறுகளைப் பகிர்ந்துகொள்பவை நெருங்கிய உறவினர்கள் என்பது அடிப்படை. கிரையோலோபோசாரஸின் சிக்கல் என்னவென்றால், மண்டையோட்டைப் பார்த்தால் பல கோடி ஆண்டுகள் கழித்து வந்த சீனத்து யாங்சுவானோசாரஸ் போன்ற பிற்கால ஊனுண்ணிகளின் சாயல். தொடையெலும்பைப் பார்த்தால் பழைய தலைமுறைத் தெரோபோடுகளின் சாயல். தலையை நம்பியவர்கள் ஒரு கிளையில் வைத்தார்கள். உடலையும் சேர்த்துக் கணக்கிட்டவர்கள் இன்னொரு கிளைக்கு மாற்றினார்கள்.

முதலில் பிற்காலப் பெரிய ஊனுண்ணியான அலோசாரஸின் பக்கம் வைத்துப் பார்த்தார்கள். பின்னர் டைலோபோசாரஸ், சீனாவின் யுன்னான் பகுதியில் கிடைத்த சைனோசாரஸ் போன்ற கொண்டைக்காரர்களோடு ஒரே குழுவில் சேர்த்தார்கள். இந்தக் கொண்டை விலங்குகள் எல்லாம் ஒரு குடும்பம் அல்ல, கொண்டை தனித்தனியே பலமுறை தோன்றியது என்ற கருத்து இப்போது வலுவாக இருக்கிறது. பழைய சிறு ஊனுண்ணிகளுக்கும் பிற்காலப் பெரிய ஊனுண்ணிகளுக்கும் இடைப்பட்ட படியில் இதை நிறுத்துவதே இன்று பரவலான நிலை. இந்த இடமும் மாறலாம். அதனால்தான் நான் குழந்தைகளுக்கான டைனோசார் அட்டவணைகளை அதிகம் நம்புவதில்லை. அச்சிட்ட அன்றே சில கட்டங்கள் பழசாகிவிடுகின்றன.

அண்டை அயலார்

தாவர உண்ணி என்று மேலே சொன்ன விலங்குக்கும் பிறகு பெயர் கிடைத்தது. 2007இல் ஸ்மித்தும் டியாகோ போலும் அதற்குக் கிளேசியாலிசாரஸ் ஹேமரி என்று பெயரிட்டார்கள். இம்முறை மரியாதை ஹேமருக்கு. அந்தப் பாறைகளில் ஒரு பறக்கும் ஊர்வனத்தின் சிறகெலும்பும், பாலூட்டிகளின் நெருங்கிய உறவான டிரைடைலோடான்ட் என்ற சிறு விலங்கின் பல்லும் கிடைத்தன. 2003ஆம் ஆண்டுப் பருவத்தில் குழுவினர் திரும்பிச் சென்று பழைய இடத்திலிருந்து மேலும் எலும்புகளைக் கொண்டுவந்தார்கள். அதற்கு மேலேயுள்ள அடுக்கில் இன்னொரு புதைபடிவத் தளமும் அகப்பட்டது.

கிரையோலோபோசாரஸின் எலும்புகளைப் பார்க்க அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும். அகஸ்டானா கல்லூரியின் அருங்காட்சியகத்தில் இந்த விலங்குக்கு இடம் உண்டு. ஆனால் ஜுராசிக்கின் முற்பகுதியில் அதே கோண்ட்வானா நிலத்தில் நடமாடிய வேறு டைனோசார்கள் நமக்கு எட்டும் தூரத்திலேயே நிற்கின்றன. கோதாவரிப் பள்ளத்தாக்கின் கோட்டா பாறை அடுக்கில் கிடைத்த பாரபாசாரஸ், சுமார் 14 மீட்டர் நீளமுள்ள நெடுங்கழுத்துத் தாவர உண்ணி. 1975இல் பெயர் பெற்ற அதன் எலும்புக்கூடு கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் புவியியல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. புள்ளியியல் நிறுவனத்தில் டைனோசாருக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு: அந்த நிறுவனத்தில் ஒரு புவியியல் ஆய்வுப் பிரிவு இருக்கிறது, அதன் ஆட்களே இதைத் தோண்டி எடுத்தவர்கள். அதே பாறை அடுக்கின் கோட்டாசாரஸை ஹைதராபாத்தில் பிர்லா அறிவியல் மையத்தில் பார்க்கலாம். தமிழ்நாட்டிலிருந்து ஓர் இரவு ரயில் பயணம்.